டெய்லரக்கா சொன்ன படம்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டெய்லரக்கா டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்தபோது டிவிக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எடை மெஷினில் ஏறி நின்று, சிஸ்டர் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அதைப் படித்தாள். 'இந்த அறையில் இனி நகைச்சுவைப் படங்கள் மட்டுமே திரையிடப்படும். சோகப் படங்களுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, நிர்வாகம்.' பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரித்த முகம்.

"இது யாரு வேலை?"

"புது மேனேஜர்," என்றாள் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "சனிக்கிழமை சாயங்காலம் அவரே வந்து ஒட்டினார். என் வாயைக் கிளறாதீங்கக்கா, கையை நீட்டுங்க."

டெய்லரக்கா நாலாம் கட்டிலில் சாய்ந்து இடது கையை நீட்டினாள். இரண்டு ஊசிகளும் இறங்கின. குழாய் சிவந்தது, மெஷின் சுற்ற ஆரம்பித்தது. இனி நாலு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி என்று அஞ்சு வருஷமாக அவளுக்கு இதுதான் வாழ்க்கை. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை, கடைத்தெருவில் இரண்டு தையல் மெஷின் போட்ட ஒரு சின்னக் கடை. பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்தரை மணிக்கு ஊசியைப் பிடுங்கினால் பதினோரு மணிக்குக் கடையைத் திறந்துவிடுவாள்.

ஜன்னல் ஓரத்து நாலு கட்டில்களுக்கும் பொதுவாக ஒரு டிவி. முதல் கட்டிலில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். இரண்டாவதில் வெல்டர், முப்பத்தைந்து வயது, எந்நேரமும் வாய் ஓயாதவன். மூன்றாவதில் பேக்கரிக்காரர் இருந்தார். எட்டு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டில் இப்போது காலி.

நாலு பேருக்கும் வயது வேறு, தொழில் வேறு. ஒன்றே ஒன்றுதான் பொது: மூக்கர். நாற்பது வருஷம் திரையில் இருந்த அந்த நடிகருக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் அது. முதலில் மூக்கு வரும், கொஞ்சம் பொறுத்து அவர் வருவார் என்பார்கள். அந்த மூக்கைத் தூக்கிக்கொண்டு அவர் ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே தியேட்டர் குலுங்கும். அதே மூக்கை வைத்துக்கொண்டு சில படங்களில் அவர் அழவும் வைத்தார். அப்படிப்பட்ட படங்கள் அதிகம் ஓடவில்லை. ஆறு மாசம் முன்னால் அவர் இறந்தபோது, செய்தியில் 'பிரபல சிரிப்பு நடிகர் மறைவு' என்று ஒரு வரி ஓடியது. டெய்லரக்காவுக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "சிரிப்பு நடிகராம்! மனுஷன்ல பாதியைத்தான் புதைச்சிருக்காங்க," என்றாள் அன்றைக்கு.

வெல்டர் எங்கிருந்தோ ஒரு பென் டிரைவில் மூக்கரின் அறுபத்திரண்டு படங்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். முறை வைத்து ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுப்பார்கள். போஸ்ட்மாஸ்டர் முறை வந்தால் எப்போதும் 'செவிட்டு குமாஸ்தா'தான். மேலதிகாரியின் திட்டிலிருந்து தப்பிக்கக் காது கேட்காத மாதிரி நடிக்கிற குமாஸ்தா. மூக்கர் வாயைத் திறப்பதற்கு முன்பே போஸ்ட்மாஸ்டர் வசனத்தைச் சொல்லிவிடுவார். வெல்டருக்கு 'ஒரே சட்டை, இரண்டு திருடர்கள்'. பேக்கரிக்காரர் கடைசியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தது 'ஈரக்குடை'. மகளை வழியனுப்ப வந்து பிளாட்பாரத்தில் நிற்கிற அப்பாவின் கதை. நன்றாக அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ரொம்ப நல்லாருந்துச்சு," என்றார். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மருமகன் ஆபீஸுக்கு வந்து, "அழுகைப் படம் போட்டு மாமாவைக் கொன்னுட்டீங்க," என்று கத்திவிட்டுப் போனதாகக் கேள்வி.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி ஒரு சிரிப்பு எப்போதும் அவர் முகத்தில் இருக்கும்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?"

"சார், இந்த நோட்டீஸைப் பத்திக் கேக்கணும்," என்றாள் டெய்லரக்கா. "நாளைக்கு மறுநாள் என் முறை. நான் கேக்கப்போறது 'வண்டி நிற்காது'. அது சிரிப்புப் படம் இல்ல."

"அப்ப வேற ஒண்ணு கேளுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அழுகைப் படம் பாத்தா மனசு சோர்ந்துடும். பிரஷர் இறங்கிடும்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கு? பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"அஞ்சு வருஷமா இங்க கிடக்கறேன். எனக்குத் தெரியலையே."

வெல்டர் இடையில் புகுந்தான். "சார், போன மாசம் திருடன் படம் பாத்து சிரிச்ச சிரிப்புல நான் கையை மடக்கிட்டேன். மெஷின் என்னா கத்து கத்துச்சு தெரியுமா? அப்ப சிரிப்பையும் தடை பண்ணிடலாமா?"

மேனேஜரின் சிரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தது. "மூணாம் நம்பர்ல இருந்தவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

வெல்டரின் பார்வை காலிக் கட்டில் பக்கம் போனது.

"தெரியும்," என்றாள் டெய்லரக்கா. "உங்களுக்கு அவர் மூணாம் நம்பர். எங்களுக்கு அவர் பேக்கரிக்காரர். சாப்பாடு அளந்து, தண்ணி அளந்து, மாத்திரை எண்ணி, எல்லாத்தையும் அடுத்தவங்க சொல்படி செஞ்சவர். அந்த ஒரு படம்தான் அவர் இஷ்டத்துக்குப் பாத்தது. அதையும் ஒரு குத்தமாக்காதீங்க."

"நான் விவாதம் பண்ண வரலம்மா."

"நானும்தான். அந்தக் காகிதத்துல 'நிர்வாகம்'னு போட்டிருக்கு. நிர்வாகம்னா யாரு? பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு, என்ன காரணம்னு எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

மேனேஜர் டிவியின் பக்கத்தில் போய், பென் டிரைவைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். "அது என்னுது சார்!" என்று வெல்டர் போட்ட சத்தம் கதவில் மோதித் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் மாடிக்கு வந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் உயிரு அந்த மெஷின்லதான் இருக்கு. அங்க போய் எதுக்கும்மா வம்பை விலைக்கு வாங்கற? சிரிப்புப் படம் போட்டா சிரிச்சிட்டு வாயேன்."

"உயிரு மெஷின்ல இருக்குண்ணா. வாய் என்கிட்டதான இருக்கு?"

"அழறதுக்கு ஒரு சண்டையா? ஊர்ல எவனாவது அழறதுக்காக சண்டை போடுவானா?"

அவள் அண்ணனிடம் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று ரிப்போர்ட் வந்த வாரம், வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அண்ணி தமாஷ் பண்ணினாள். அண்ணன், "தைரியமா இரு, சிரிச்சிட்டே இரு," என்று நாளுக்குப் பத்துத் தடவை சொன்னார். அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, ஏதோ ஒரு சேனலில் 'வண்டி நிற்காது' ஓடியது. எட்டே நாள் ஓடி ஊத்திக்கொண்ட படம். மூக்கர் வருகிறாரே, கொஞ்சம் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தவள், படம் முடியும்போது தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முகம் கழுவிக்கொண்டு, மறுநாள் காலையில் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், டயாலிசிஸ் ஊசி இறக்க வழி செய்யக் கையில் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. எங்கேயும் போடவில்லை; பென் டிரைவில் இருந்தும் இதுவரை தன் முறைக்கு அதைக் கேட்டதில்லை. அந்த ஒரு தடவையே உள்ளே நின்றுவிட்டது.

புதன்கிழமை ஆறரை மணிக்கு டிவியில் சிரிப்புக் காட்சிகள் ஓட ஆரம்பித்தன. முழுப் படமாகக்கூட இல்லை. துண்டு துண்டாக, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. மூக்கர் வழுக்கி விழுந்தார், மூக்கர் தண்ணீர்த் தொட்டிக்குள் போனார், மூக்கர் மறுபடியும் வழுக்கி விழுந்தார்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் டெய்லரக்கா.

"நிறுத்தலாமா?"

"போடணும்னுதான் நோட்டீஸ். பாக்கணும்னு இல்லையே."

போஸ்ட்மாஸ்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "நிறுத்துங்கம்மா. மனுஷனைக் கறிவேப்பிலை மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடறாங்க."

சிஸ்டர் நிறுத்தினாள். டெய்லரக்கா சுதந்திரமாக இருந்த வலது கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னைக்கு என் முறை. படம் 'வண்டி நிற்காது'. நான் சொல்றேன், நீங்க பாருங்க."

"அக்கா, பாட்டெல்லாம் உண்டா?" என்றான் வெல்டர்.

"வாயை மூடிட்டுப் பாரு. பேரு போடறாங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். விடிகாலை, மழை, பஸ் டிப்போ. மூக்கர் ஒரு டிரைவர். டிப்போவில் அவரைப் போலத் தமாஷ் பேர்வழி கிடையாது. ஏறுகிற இறங்குகிற பயணிகளை எல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவார். டெய்லரக்காவுக்கு நடிக்க வராது. ஆனால் எது எப்போது வரவேண்டும் என்று தெரிந்தது. கண்டக்டர் பையை எந்தத் தோளில் மாட்டியிருந்தார், மழைத்துடைப்பான் எப்படிச் சிக்கிச் சிக்கி ஓடியது என்பதையெல்லாம் அளவெடுத்த மாதிரி சொன்னாள். ஒரு திருப்பத்தில், கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவன் தலையில் பையை வைத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறான். பிரேக். பஸ் நிற்கவில்லை.

"ஐயய்யோ," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

விசாரணை நடக்கிறது. டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். எல்லாரும் முதுகில் தட்டுகிறார்கள். மறந்துவிடு என்கிறார்கள். அவர் பஸ்ஸை எடுக்கிறார், ஓட்டுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, அந்தக் கடிகாரக்காரன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். அந்த வீட்டம்மா கதவைத் திறக்கிறாள், யாரென்று பார்க்கிறாள், மூடிக்கொள்கிறாள். அடுத்த ஞாயிறும் அதேதான்.

இதற்குள் எதிர்வரிசைக் கட்டில்காரர்களும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். சிஸ்டர் மருந்துத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். டெய்லரக்கா டிப்போ விருந்துக் காட்சிக்கு வந்தபோது கதவு திறந்து மேனேஜர் உள்ளே வந்தார். அவள் நிறுத்தவில்லை.

"யாரோ ஒருத்தர் ரிட்டயர் ஆறார், அதுக்கு விருந்து. எல்லாரும் மூக்கரைப் பிடிச்சு இழுக்கறாங்க. டேய், அந்த சைக்கிள்காரன் மாதிரி பண்ணிக் காட்டுடா, மாசக்கணக்காச்சுடா உன் கூத்தைப் பாத்துன்னு. அவர் எந்திரிக்கறார். மூக்கைத் தூக்கறார். அவ்வளவுதான், அதுக்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அவர் அப்படியே நிக்கறார். சிரிப்பு அடங்கற வரைக்கும் நிக்கறார். அப்புறம் மெதுவா சொல்றார்: சிரிப்பு வர்ற மூஞ்சிதான், என்ன பண்றது? ஆனா இது என் மூஞ்சி. இதை வச்சுக்கிட்டுத்தான் நான் அழவும் வேணும். எனக்கு வேற மூஞ்சி கிடையாது."

வெல்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போஸ்ட்மாஸ்டரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. சிஸ்டர் ஒரு பஞ்சை எடுத்து ஒற்றினாள்.

"இங்க என்ன நடக்குது?" என்றார் மேனேஜர்.

"படம் ஓடுது சார்," என்றான் வெல்டர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது மத்தவங்களுக்குத் தொந்தரவு."

"யாருக்குத் தொந்தரவு? கையைத் தூக்கச் சொல்லுங்க," என்றாள் டெய்லரக்கா. "ஊசி இல்லாத கையை."

ஒருவரும் தூக்கவில்லை. மேனேஜர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இவங்க எல்லாருக்கும் பிரஷர் பாருங்க. இப்பவே."

சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். டெய்லரக்காவுக்கு நூத்தி முப்பது, எண்பது. வெல்டருக்கும் கிட்டத்தட்ட அப்படியே. "போஸ்ட்மாஸ்டர் சாருக்கு எப்பவும் இந்த நேரத்துல இறங்கும் சார். இன்னைக்கு நல்லா நிக்குது," என்றாள். மேனேஜர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையை டெய்லரக்கா நிதானமாகச் சொன்னாள். மழை. மூக்கர் தொப்பலாக நனைந்து அந்த வாசலில் நிற்கிறார். இருட்டுகிறது. கதவு திறக்கிறது. அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கதவுக்கு உள்ளே போட்டுவிட்டுப் போகிறாள். அவர் உட்காருகிறார். அவ்வளவுதான் படம்.

யாருடைய மெஷினோ நேரம் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டது.

வியாழக்கிழமை கடையில் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து. நாளை முதல் அவளைச் சாயங்கால ஷிஃப்டுக்கு மாற்றியிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. "காரணம்?" என்று கேட்டாள். "நிர்வாகம் மாத்தியிருக்குங்க," என்றது குரல்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. முந்நூற்று நாற்பது சீருடை. ஜனங்கள் வேலை முடிந்து கடைக்கு வருவதே சாயங்காலம்தான். அந்த நேரத்தில் அவள் கட்டிலில் கிடந்தால் கடையை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

மேனேஜர் அறைப் பக்கம் அவள் போகவில்லை. சிறுநீரக டாக்டரின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். டோக்கன் நாற்பத்தொன்று. மூன்று மணி நேரம் ஆயிற்று. டாக்டர் தலையைத் தூக்காமலே, "என்ன, வீக்கமா?" என்றார்.

"வீக்கம் இல்ல டாக்டர். ரெண்டு கேள்வி. பேக்கரிக்காரர் படம் பாத்ததால செத்தாரா?"

டாக்டர் தலையைத் தூக்கினார். "யாரு சொன்னா? அவர் இதயம் ஒரு வருஷமாவே சரியில்ல. அவருக்கே தெரியும் அது."

"ரெண்டாவது. என் ஷிஃப்டை மாத்தச் சொன்னது நீங்களா?"

"நான் ஏன் மாத்தறேன்? உனக்குக் காலைதானே தோது? கடை இருக்குல்ல?"

அவள் நடந்ததைச் சொன்னாள். மூக்கர் பேர் வந்ததும் டாக்டர் பேனாவை மூடினார். "என் வீட்டுக்காரிக்கு 'லிஃப்டுக்குள் ஒரு கல்யாணம்'னா உயிர். எனக்கு 'ஈரக்குடை'தான். என் பொண்ணை வெளியூர் காலேஜுக்கு அனுப்பின அன்னைக்குப் பாத்தேன். பாத்துட்டு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பேனாவைத் திறந்து மருந்துச் சீட்டில் எழுதினார். வழக்கமான மருந்துகளுக்குக் கீழே, வழக்கத்துக்கு மாறாகப் புரிகிற கையெழுத்தில்: 'ஷிஃப்ட் மாற்றக் கூடாது. திரைப்படம் பார்க்கத் தடையில்லை. சிரிக்கலாம், அழலாம்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

"தண்ணியை மட்டும் குறை," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் எப்போதும் போல வாசலில் இறக்கிவிட்டுப் போகவில்லை. வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கூடவே உள்ளே வந்தார். "நீ எதுக்குண்ணா?" என்றாள். "சும்மாதான்," என்றார். கதவுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். அவர் அப்படி நின்றதே அவளுக்கு ஒரு ஊர்வலம் கூட வந்த மாதிரி இருந்தது.

நாலாம் கட்டில் மெஷின் தயாராக இல்லை. சிஸ்டர் கையைப் பிசைந்தாள். "உங்களை இணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா."

டெய்லரக்கா சீட்டை நீட்டினாள். சிஸ்டர் படித்தாள். திரும்பவும் படித்தாள். கடைசி வரியில் அவள் உதடு லேசாகத் துடித்தது. போஸ்ட்மாஸ்டர் தன் கட்டிலிலிருந்து, "அந்தம்மாவை மாத்தினா எங்களையும் மாத்தச் சொல்லுங்க. சாயங்காலம் எல்லாருக்கும் இடம் இருக்கா பாப்போம்," என்றார்.

"சார், சும்மா இருங்க," என்ற சிஸ்டர் மெஷினைத் திருப்பி வைத்தாள். "எனக்கு மேல டாக்டர். டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார். படுங்கக்கா."

எட்டு மணிக்கு மேனேஜர் வந்தபோது டெய்லரக்காவின் ரத்தம் ஒன்றரை மணி நேரமாக மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் செய்ய முடியாது. சீட்டை வாங்கிப் படித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் அந்த இஸ்திரிச் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவர் கொஞ்சம் களைத்த, தூக்கம் போதாத ஒரு மனுஷனாகத் தெரிந்தார்.

"ஷிஃப்ட் விஷயம் சரி," என்றார். "ஆனா டிவி ஆஸ்பத்திரி சொத்து. அதுல என்ன ஓடணும்னு நான்தான் சொல்வேன்."

"உங்க டிவியை நீங்களே வச்சுக்கோங்க சார். நாங்க வாயாலயே பாத்துக்கறோம்."

கதவுப் பக்கத்திலிருந்து அண்ணன் ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

அதற்கப்புறம் ஏழு வாரம் அப்படித்தான் ஓடியது. போஸ்ட்மாஸ்டர் 'செவிட்டு குமாஸ்தா'வைச் சொன்னார்; நடுவில் வேறொரு படம் புகுந்து, குமாஸ்தா திடீரென்று கப்பலில் போய்க்கொண்டிருந்தான். ஒருவரும் திருத்தவில்லை. வெல்டர் சொன்னால் தமாஷ் வருவதற்கு முன்பே அவனே சிரித்து, கையை ஆட்டி, மெஷினைக் கத்தவைத்தான். 'ஈரக்குடை'யைச் சொன்னது சிஸ்டர். பேக்கரிக்காரரின் கட்டிலுக்குப் புதிதாக வந்த பாங்க் கேஷியரம்மா முதல் நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். "அழக்கூடாது மேடம்," என்று மேனேஜர் ஆரம்பித்தார். நாலாம் கட்டிலிலிருந்து ஒரு பார்வை வந்தது. அவர் வாக்கியத்தை முடிக்காமல் நகர்ந்துவிட்டார். நாலாம் வாரம் கேஷியரம்மாவே மூக்கர் படம் ஒன்றை, கொஞ்சம் வெட்கத்தோடு, ரூபாய் நோட்டை எண்ணுவது போன்ற குரலில் சொன்னாள். மத்தியான ஷிஃப்ட்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நடைபாதையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

எட்டாம் வாரம் சிஸ்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து வெல்டரிடம் கொடுத்தாள். உள்ளே பென் டிரைவ். டிவிக்குக் கீழே இருந்த காகிதத்தையும் காணோம். மேனேஜர் ஏன் மனம் மாறினார் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் சொல்லியிருக்கலாம் என்றார் போஸ்ட்மாஸ்டர். நடைபாதையில் கூட்டம் சேருவது பிடிக்கவில்லை என்றாள் கேஷியரம்மா. அவரும் ஒரு நாள் நடைபாதையில் நின்று கேட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக வெல்டர் சத்தியம் செய்தான். வெல்டர் சத்தியத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"போடு, முதல்ல அக்கா படம்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

'வண்டி நிற்காது' ஓடியது. மழை, டிப்போ, மழைத்துடைப்பான். எல்லாம் டெய்லரக்கா சொன்ன மாதிரியே இருந்தது. கண்டக்டரின் பை மட்டும் வேறு தோளில் இருந்தது. வெல்டர் அதைச் சுட்டிக்காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டான். விருந்துக் காட்சியில் மூக்கர் எழுந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னபோது நாலு கட்டிலும் கூடவே சொன்னது. எதிர்வரிசையிலிருந்தும் குரல் வந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. மழையில் மூக்கர் வாசலில் நிற்கிறார். இருட்டுகிறது. டெய்லரக்கா தலையணையிலிருந்து முதுகை எடுத்து முன்னால் சாய்ந்தாள். கதவு மூடியே இருந்தது. மூக்கர் நின்றுகொண்டே இருந்தார். தூரத்தில் ஒரு பஸ்ஸின் ஹார்ன். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். திரும்பி, மழையில் நடந்து, தெருமுனையில் மறைகிறார். கதவு திறக்கவே இல்லை. திரை கறுத்தது. பேர்கள் ஓட ஆரம்பித்தன.

வெல்டர்தான் முதலில் பேசினான். "அக்கா... அந்த ஸ்டூல் எங்க?"

டெய்லரக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு வருஷமாக அவளுக்கு அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. அந்த ஸ்டூலின் நிறம்கூட அவளுக்குத் தெரியும். பச்சை பெயின்ட், ஒரு கால் கொஞ்சம் தேய்ந்தது. ரிப்போர்ட் வந்த வாரம், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதபோது அவள் தெளிவாகப் பார்த்தாளே. மறுநாள் காலையில் எழுந்து கையெழுத்துப் போட்டதே அதைப் பார்த்துவிட்டுத்தானே.

"வெட்டிட்டாங்களோ?" என்றார் போஸ்ட்மாஸ்டர், அவளுக்குச் சாதகமாக. "டிவியில போட்டப்ப இருந்திருக்கும்."

"இல்ல சார்," என்றாள் டெய்லரக்கா. "இதுதான் படம்."

"அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது?"

"கதவை நான் திறந்து விட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"பின்னே? மனுஷன் படம் பூரா வெளிய நிக்கறான். கொட்டற மழை. பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" குரல் உடைந்தது, ஆனால் அவள் விடவில்லை. "எடுத்தவங்களுக்கு மனசு வரல, மூடியே வச்சுட்டுப் போய்ட்டாங்க. எனக்கு வந்துச்சு, திறந்தேன். இப்ப கேட்டாலும் திறப்பேன்."

"படத்தைவிட உங்க படம் நல்லாருந்துச்சும்மா," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"என்னுதுல தப்பு இல்ல சார். படத்துலதான் தப்பு."

கேஷியரம்மா சிரித்துவிட்டாள். டெய்லரக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்தது நிற்காமலே சிரித்தாள். பத்தரை மணிக்குச் சிஸ்டர் ஊசிகளை எடுத்தாள். பத்து நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு டெய்லரக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "புதன்கிழமை யார் முறை?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குக் கிளம்பினாள்.